எள் இல்லாமல் சுற்றும் செக்கு

ஆத்தங்குடியில் ஒரு பூக்கல் பட்டறை. காரைக்குடிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவரோடு நானும் போயிருந்தேன். அவருடைய கடைக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற பழக்கம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, தரைக்குக் கல் இன்னும் வந்து சேரவில்லை. கொட்டகைக்குள் நுழைந்ததும் அவர் நேரே மேஸ்திரியிடம் போய், "அண்ணே, கூட ரெண்டு ஆள் போட்டு ராத்திரியும் ஓட்டுங்க. கூலி என்னன்னாலும் பாத்துக்கலாம்" என்றார். மேஸ்திரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஆளு போடலாம் தம்பி. கண்ணாடிக்கு எங்க போறது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பதில் எனக்கு உடனே விளங்கவில்லை. பக்கத்திலேயே நின்று அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் விளங்கியது.

மேஸ்திரி ஒரு சதுரக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் தரையில் வைக்கிறார். அதன்மேல் ஒரு இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் ஒரு உலோக அச்சு, பூவின் இதழ் இதழாக அறை பிரித்தது. சிமெண்டில் வண்ணம் கலந்த குழம்பைச் சின்னக் கரண்டியால் மொண்டு அறை அறையாக ஊற்றுகிறார். சிவப்புக்கு ஒரு கிண்ணம், மஞ்சளுக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று. ஊற்றி முடித்ததும் அச்சைக் கைப்பிடியில் பிடித்து நேர் மேலே தூக்குகிறார். நிறம் ஒன்றோடொன்று ஓடாமல் நிற்கிறது. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு, தட்டிச் சமன் செய்து கண்ணாடியோடு அப்படியே ஒதுக்கிவைக்கிறார். எல்லாம் சில நிமிட வேலை. கை அவ்வளவு பழகியிருக்கிறது.

அதற்கப்புறம்தான் நாள்கணக்கு. கல் காயவேண்டும். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் இறங்கி ஊறவேண்டும். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. சிமெண்ட் தண்ணீரைக் குடித்து இறுகுவதுதான் அந்தக் கல்லின் பலம். இறுகி முடிந்தால் கண்ணாடி தானாக விலகிக்கொடுக்கும்; அதில் பட்ட முகம் பளபளவென்று இருக்கும். அதுவரை அந்தக் கண்ணாடி அந்தக் கல்லோடு ஒட்டியே கிடக்கும்.

புரிவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டறையில் 600 கண்ணாடி இருக்கிறது, ஒரு கல்லைவிட்டுக் கண்ணாடி கைக்குத் திரும்ப 4 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 150 கல்தான் ஊற்ற முடியும். ஐந்து பேர் உட்கார்ந்தாலும் 150, பத்துப் பேர் உட்கார்ந்தாலும் 150. ராத்திரி விளக்குப் போட்டால் கரண்ட் பில் ஏறும், கல் ஏறாது. அவசரப்பட்டு ஒரு நாள் முன்னதாகவே கண்ணாடியைப் பிரித்தால் ஓரம் உதிரும், விரிசல் விடும். பதறாத காரியம் சிதறாது என்று நம் ஊரில் சும்மா சொல்லிவைக்கவில்லை.

வேலை நேரத்தைக் கூட்டினால் வேலை கூடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. "பத்து மணி வரைக்கும் கடையிலதான் உக்காந்திருப்பாரு" என்பது நம் ஊரில் ஒருவரைப் பற்றிச் சொல்லும் பெரிய பாராட்டு. ஓடாய்த் தேய்ந்தவருக்குக் கிடைக்கும் மரியாதை, ஆறு மணிக்குக் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்குக் கிடைப்பதில்லை. காரணம் இருக்கிறது. நேரம் கண்ணுக்குத் தெரியும். விளக்கு எரிகிறதா, செருப்பு வாசலில் கிடக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். அன்றைக்கு என்ன முடிந்தது என்பதைப் பார்க்கத்தான் கணக்கு வேண்டும், பொறுமை வேண்டும்.

நான் வேலை பார்ப்பது காரைக்குடி செக்காலைப் பகுதியில். ஊர்ப் பெயரிலேயே செக்கு இருப்பதாலோ என்னவோ, செக்கு மாடு என்ற பேச்சு அங்கே அடிக்கடி காதில் விழும். நாளெல்லாம் நடந்தும் எங்கேயும் போய்ச் சேராதவனைச் செக்கு மாடு என்கிறோம். யோசித்தால் அது அந்த மாட்டுக்குச் செய்கிற அநியாயம். மாடு சுற்றினால் எண்ணெய் வருகிறது. எள் போடாமல் ஓட்டினால்தான் அத்தனை நடையும் வீண், அப்போதும் குற்றம் மாட்டின் மேல் இல்லை. வேலை நேரம் பற்றிய பேச்சில் நாம் மாடு எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் எண்ணுகிறோம், எள் போட்டார்களா என்று பார்ப்பதில்லை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் வெடிகுண்டும் தோட்டாவும் செய்த தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்கள் வேலை பார்த்தார்கள். போர்முனையில் குண்டு போதவில்லை, அதனால் வாரம் 70 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து வேலை. தொழிலாளரின் உடல்நலத்தைப் பார்க்க அரசு ஒரு குழு அமைத்தது. யார் எத்தனை மணி நேரம் நின்றார்கள், எத்தனை உருப்படி செய்தார்கள் என்று அந்தக் குழுவுக்காக எழுதிவைத்த கணக்கு இன்றும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஜான் பென்கேவல் 2014-ல் அதை மறுபடி எடுத்து ஆராய்ந்தார். வாரம் சுமார் 49 மணி வரை நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே அளவில் கூடியது. அதைத் தாண்டியதும் ஏற்றம் தளர்ந்தது. 56 மணி நேரம் வேலை பார்த்த வாரத்துக்கும் 70 மணி நேரம் வேலை பார்த்த வாரத்துக்கும் உற்பத்தியில் பெரிய வித்தியாசமே இல்லை. கூடுதல் 14 மணி நேரம் அந்தப் பெண்களின் உடம்பிலிருந்து போனது, குண்டுக் கணக்கில் ஏறவில்லை. ஞாயிறு ஓய்வு இல்லாத வாரங்களில் உற்பத்தி அடிவாங்கியதும் அதே கணக்கில் தெரிந்தது.

உடம்புக்கு வரும் கேடும் கணக்கில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவரைவிட 55 மணி நேரமும் அதற்கு மேலும் பார்ப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ல் மட்டும் இப்படிப் போன உயிர்கள் சுமார் 7 லட்சத்து 45 ஆயிரம்.

இவ்வளவும் தெரிந்த காலத்தில்தான், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023-ல் சொன்னார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவரிடமிருந்து 90 மணி நேரம் என்ற பேச்சும் வந்தது. அவர்கள் அப்படி உழைத்திருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தொழிலைத் தொடங்கியவர் தன் தொழிலுக்காகக் கண்விழிப்பது வேறு, மாதச் சம்பளக்காரரை அப்படி விழிக்கச் சொல்வது வேறு. முதலாமவருக்கு எப்போது நிறுத்தவேண்டும் என்ற முடிவு கையில் இருக்கிறது. இரண்டாமவருக்கு அது இல்லை.

என் கதையையும் சொல்லவேண்டும். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மாதத்தின் 20-ம் தேதி ஒரு பயம். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு 19-ம் தேதி, காலை ஐந்தரைக்கு எழுந்தவன் ராத்திரி ஒன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். கடைகள் பில்லை அனுப்பியது தாமதம், நான் எடுத்து வைத்ததும் தாமதம். "இன்னிக்கி முடிச்சிட்டுத்தான் எந்திரிப்பேன்" என்று ஒரு வைராக்கியம் வேறு. முடித்தேன், தாக்கலும் செய்தேன். மறுநாள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு கடையின் கொள்முதல் கணக்கு இடித்தது. சரியாக 9,000 ரூபாய் வித்தியாசம். ஒன்றரை நாள் பில் பில்லாகப் புரட்டினேன். கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய ஐயா காலத்திலிருந்து மலேயாவில் பெட்டியடியில், அதாவது கடைப் பணப்பெட்டி முன்னால், உட்கார்ந்து கணக்குப் பழகிய குடும்பம். விஷயத்தைக் கேட்டவர், "ஒன்பதால வகுபடுதா பாரு. வகுபட்டா எண்ணு எடம் மாறிக் கெடக்கும்" என்றார். ஒரு எண்ணில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால், வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 9,000 வகுபட்டது. ஆயிரத்தின் இடத்தையும் பத்தாயிரத்தின் இடத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். பத்து நிமிடத்தில் கிடைத்தது. பில்லில் 54,600, நான் ஏற்றியது 45,600.

தாக்கல் செய்த 3பி-யைத் திருத்த முடியாது, அடுத்த மாதக் கணக்கில்தான் சரிக்கட்டவேண்டும். அந்த ராத்திரி நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த நேரம் மூன்று மணி. அதைத் தேடித் திருத்தப் போனது இரண்டு நாள். ஆஸ்திரேலியாவில் செய்து 1997-ல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் இருப்பவரின் கவனத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். நான் அன்றைக்கு 20 மணி நேரம் விழித்திருந்தேன். குடித்துவிட்டுக் கணக்கு எழுதுகிறவரிடம் யாராவது தன் கடைக் கணக்கைக் கொடுப்பார்களா?

அந்தப் பெரியவரிடம் அடிக்கடி போய் உட்கார ஆரம்பித்தது அப்புறம்தான். செட்டிநாட்டுப் பழைய கணக்கு முறையைப் பற்றி அவர் சொன்னதும் நான் படித்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மா, மலேயா, சிலோன், சைகோன் என்று கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன காலத்தில் முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடை கடலுக்கு அப்பால். அங்கே கடையை நடத்தும் மேலாள் ஒருவர், அவருக்குக் கீழே அடுத்தாள் ஒருவர், பெட்டியடிப் பையன்கள். இன்றைக்குப் போல் கேமராவும் கைரேகை இயந்திரமும் இல்லை. மேலாள் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ இருக்கிற முதலாளிக்குத் தெரியவே தெரியாது. கடிதம் கப்பலில் வந்து சேரவே நாளாகும். அதனால் நேரத்தை அளக்கும் யோசனையே அங்கே எடுபடாது. அவர்கள் அளந்தது கணக்கை. மேலாளுக்குச் சம்பளச் சீட்டு எழுதுவது வழக்கமாக மூன்று வருடத்துக்கு. அந்தக் காலம் முடியும்போது ஐந்தொகை எடுப்பார்கள். கொண்டுபோன முதல் என்ன, வெளியே நிற்பது என்ன, லாபம் என்ன என்று மூன்று வருட உழைப்பும் அதில் தெரிந்துவிடும்.

மூன்று வருடம் என்பது எவ்வளவு யோசித்து வைத்த கெடு என்று பாருங்கள். ஒரு மாதக் கெடு வைத்தால் மேலாள் அந்த மாதத்து வசூலுக்காக நல்ல வாடிக்கைக்காரரையும் நெருக்கி விரட்டிவிடுவார். பத்து வருடம் என்றால் தப்பு நடந்தது தெரிவதற்குள் முதல் கரைந்துவிடும். கொடுத்த கடன் விளைச்சலாகித் திரும்ப வந்து, மறுபடி போய், மறுபடி வர மூன்று வருடம் போதும். நடுவில் முதலாளி குறுக்கே நிற்காமல் மேலாளின் புத்திக்கு விட்டார்கள்.

ஆனால் மூன்று வருடம் வரை யாரும் கணக்கைத் திறக்காமல் இருந்துவிடவில்லை. அன்றன்று வரவு செலவை அன்றன்றே குறிப்பில் எழுதி, பேரேட்டில் அவரவர் பற்றில் ஏற்றி, பெட்டியில் இருக்கும் பணத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டுவது. "இன்னிக்கிப் பத்து நிமிசத்துல ஒத்துப்போறது, பத்து நாள் கழிச்சுன்னா ஒரு நாள் முழுசா இழுக்கும்" என்றார் பெரியவர். என்னுடைய 9,000 ரூபாய் அதற்குச் சாட்சி. கணக்கு இடித்த அன்றைக்கே தேடினால் அன்றைக்கு வந்த பில் பத்தைப் பார்த்தால் போதும். மாதம் கழித்தால் முந்நூறு.

பையன்களுக்குச் சின்ன வயதிலேயே வாய்ப்பாடு. நாம் படித்த பதினாறாம் வாய்ப்பாட்டோடு நிற்பதில்லை, பின்னத்துக்கும் வாய்ப்பாடு உண்டு. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி 320-ல் ஒன்றான முந்திரி வரை மனப்பாடம். வட்டிக் கணக்கு வாயிலேயே வரும், தாளைத் தேடவேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுக் கத்திய அந்த இரண்டு மூன்று வருடம், பிறகு நாற்பது வருடம் ஒவ்வொரு நாளும் நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. கீபோர்டைப் பார்க்காமல் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஒதுக்க முடியாமல், இருபது வருடமாக இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருக்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நடப்பு வட்டி ஏற்பாடு. ரங்கூனில் நகரத்தார் கடைக்காரர்கள் மாதம் ஒரு முறை கோயிலில் கூடுவார்கள். அந்த மாதத்துக்குத் தங்களுக்குள் நடக்கும் வட்டி இன்னது என்று பேசி முடிவு செய்வார்கள். அவ்வளவுதான். அந்த மாதம் முழுக்க ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் நடுவில் வட்டிப் பேரம் கிடையாது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசினால் ஒரு மாதப் பேச்சு மிச்சம். ஒரே விஷயத்தைத் தினம் புதிதாக முடிவு செய்வதில்தான் நம் நேரம் மிக அதிகமாகப் போகிறது என்று நினைக்கிறேன். எந்தப் பில்லை முதலில் ஏற்றுவது, யாருக்கு முதலில் போன் போடுவது என்று தினம் காலையில் அரை மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது வாரத்துக்கு ஒரு முறை, திங்கட்கிழமை காலை, அதை ஒரு தாளில் எழுதிவிடுகிறேன்.

இதையெல்லாம் சொல்லும்போது அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்டியடிப் பையன் முதலில் எழுந்து கடைசியில் படுப்பவன். கடை நடந்த கிட்டங்கிக் கட்டடத்தில் பெட்டி வைக்கிற இடம்தான் அவனுக்குப் படுக்கை. கல்யாணமாகி மூன்று வருடம் புருஷன் முகம் பார்க்காத ஆச்சிகள் இந்த ஊர் வளவுகளில் எத்தனையோ பேர். கணக்கு முறை நேர்த்தியாக இருந்தது என்பது உண்மை. அதில் இருந்த மனிதர்களின் வாழ்க்கை அவ்வளவு நேர்த்தியாக இருந்துவிடவில்லை என்பதும் உண்மை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வேலையைச் சரியாகச் செய்வதும், சரியான வேலையைச் செய்வதும் இரண்டு. பர்மாவில் கணக்கு அணு பிசகாமல்தான் இருந்தது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை படுத்தது, விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை, அடமான நிலம் கைமாறியது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் நகரத்தார் கையில் இருந்தது, 1938-ல் 25 சதவீதம். ஏட்டைப் பார்த்தால் சொத்துப் பெருகியிருக்கிறது. ஆனால் அவர்கள் நிலம் வாங்கப் போனவர்கள் இல்லை, கையில் புரளும் பணம்தான் அவர்கள் தொழில். நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கோபம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. 1942-ல் ஜப்பான் படை வந்தது. பலர் ஏட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள், காடு மலை வழியாக நடந்து வந்தவர்களும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது.

அதே காலத்தில் பள்ளத்தூர்க் குடும்பம் ஒன்று வேறு மாதிரி யோசித்தது. 1900-ல் பர்மாவின் மோல்மீனில் தொழில் தொடங்கிய அ.மு. முருகப்ப செட்டியார் குடும்பம் போருக்கு முன்பே, 1930-களில், மூலதனத்தை இந்தியாவுக்கு நகர்த்தியது. இங்கே முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். 1949-ல் சென்னையில் அவர்களுடைய சைக்கிள் கம்பெனி பிறந்தது. பர்மாவிலேயே தங்கிவிட்டவர்கள் இவர்களைவிடக் குறைவாக உழைத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. 'நாம் இங்கே இன்னும் இருக்கலாமா' என்ற கேள்வியை உட்கார்ந்து யோசிக்க ஒரு குடும்பம் நேரம் ஒதுக்கியது. தினசரி வசூலில் மூழ்கியவருக்கு அந்தக் கேள்வி வர வழியே இல்லை.

சரி, கடையையும் கணக்கையும் விட்டு அடுப்படிக்கு வருவோம். காரைக்குடியில் பலகாரம் செய்து அனுப்பும் வீடுகள் நிறைய. ஒரு வீட்டில் மனகோலம் என்ற இனிப்புப் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறேன். வெல்லப் பாகு பதத்துக்கு வரும் அந்தச் சில நிமிடம் அந்த ஆச்சி யாரிடமும் பேசமாட்டார். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார். போன் அடித்தால் அடிக்கட்டும். பாகு முற்றினால் முழு வாணலியும் கெட்டியாகிவிடும், இளகினால் உருண்டை பிடிக்க வராது. மாவு வறுப்பது, சலிப்பது, அச்சில் பிழிந்து பொரிப்பது எல்லாம் முன்னதாகவே முடிந்து கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. பாகு வைத்த பிறகு எழுந்துபோய் எடுக்கவேண்டியது என்று ஒன்றும் கிடையாது. பேசிக்கொண்டே செய்கிற வேலைகளும் அங்கே உண்டு, சீடை உருட்டும்போது ஊர்க்கதை முழுக்க ஓடும். எந்த வேலைக்கு முழுக் கவனம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கை எட்டும் தூரம் என்பது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்று ஒரு கொத்தனார், பிறகு காண்ட்ராக்டர் ஆனவர். செங்கல் அடுக்குகிறவர் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிர்வதைப் பார்த்தார். கல்லும் கலவையும் இடுப்பு உயரத்தில் நிற்கும்படி சாரத்தை மாற்றினார். ஒரு கல் வைக்க 18 அசைவு ஆனது 5 ஆகக் குறைந்தது. மணிக்கு 120 கல் என்றிருந்தது 350 ஆனதாகப் பதிவு இருக்கிறது. யாரும் வேகமாக ஓடவில்லை, கூட நேரம் நிற்கவில்லை. குனிவதை மட்டும் எடுத்துவிட்டார். ஒரு நாளைக்கு ஆயிரம் முறை குனிகிற முதுகுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் இங்கே ஒரு நியாயம் பேசாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. 350 கல் வைக்கிறவருக்கு 120 கல்லின் கூலியே கொடுத்தால், அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் அவருக்கு என்ன லாபம்? நாள் கூலிக்கு வரும் ஒரு பெண் நான்கு மணிக்கே வேலையை முடித்துவிட்டால், "சும்மாதானே இருக்கே, அதையும் பாரு" என்று இன்னொரு வேலை வரும். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை அவர் ஆறு மணி வரை இழுப்பார். அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாம் அவரிடம் வாங்குவது நேரம், அவர் நேரத்தைத் தருகிறார். உருப்படிக்குக் கூலி என்றால் கதை மாறும், மிச்சமாகும் நேரம் அவருடையது. ஹென்றி ஃபோர்டு 1914-ல் வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தபோது கூலியை நாளுக்கு 5 டாலர் என்று ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். 1926-ல் வாரம் ஐந்து நாள் ஆக்கினார். நேரக் குறைப்பையும் கூலி உயர்வையும் சேர்த்துச் செய்ததால்தான் ஆட்கள் நிலைத்தார்கள்.

நம் நாட்டில் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. 1923 மே 1-ம் தேதி சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் நடத்திய மே நாள் கூட்டம்தான் இந்தியாவில் முதலாவது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரல் 21-ல், நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எல்லாப் பக்கமும் கிளம்பியது. அந்த மே நாளன்றே திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 12 மணி நேரம் நின்றால் எத்தனை உருப்படி கூடும் என்ற கேள்விக்கு, அந்த வெடிகுண்டுத் தொழிற்சாலைப் பெண்கள் நூறு வருடத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள்.

ஆத்தங்குடிக்குத் திரும்புகிறேன். கண்ணாடிக்கு எங்கே போவது என்ற மேஸ்திரியின் கேள்வியில் என் நண்பருக்கு முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்த மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீட்டுப் பிளான் இருக்கிறதா என்று கேட்டார். நண்பர் செல்போனில் காட்டினார். "கிரகப்பிரவேசத்தன்னிக்கி ஆளுக எங்கெங்க வருவாக?" முகப்பு, ஹால், பூஜை அறை, சாப்பாடு போடும் பின்பத்தி என்று நண்பர் சொல்லிக்கொண்டே வந்தார். மாடி? அன்றைக்கு யாரும் ஏறமாட்டார்கள். பின்னால் இரண்டு அறை? சாமான் போட்டுப் பூட்டி வைக்கப் போகிறோம். மேஸ்திரி ஒரு சிமெண்ட் பைத் தாளைக் கிழித்து அதில் எழுதினார். 2,100 கல் கேட்ட இடத்தில் அன்றைக்குள் கட்டாயம் வேண்டியது 1,150 என்று வந்தது. "இருக்கிற கண்ணாடியில இதை மொதல்ல ஊத்துறேன். முகப்புக்கு மட்டும் பூப்போட்டது. மத்ததுக்கு வெறும் செவப்பு போதுமா? ரெண்டு மூணு கலரு ஊத்துற நேரம் மிச்சம்." நண்பர் சரி என்றார்.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது ஐந்து மணி கூட ஆகவில்லை. கடைசிக் கண்ணாடியில் கல் ஊற்றி ஒதுக்கிவிட்டார்கள். ஒருவர் அச்சுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் மறுநாள் தொட்டியிலிருந்து எடுக்கவேண்டிய வரிசையில் சாக்குத்துண்டு ஒன்றைக் கட்டி அடையாளம் வைத்தார். விளக்குப் போடவேண்டிய வேலை எதுவும் இல்லை. முகப்புக்கும் ஹாலுக்கும் கல் கிரகப்பிரவேசத்துக்கு எட்டு நாள் முன்னால் வந்து இறங்கியது. மாடிக்கும் பின் அறைகளுக்கும் வேண்டியது, விருந்தாளிகள் எல்லாம் ஊர் திரும்பிப் பன்னிரண்டாம் நாள்.